நாலு மூடு தென்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

வசந்த காலம் வந்தால் குயில் கூவும், மாமரம் தளிர்க்கும் என்று கவிஞர்கள் சொல்கிறார்கள். ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள். வசந்த காலம் வந்தால் ஆடிட்டர் வருவார்.

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று தனியாக எடுத்து வைத்தார்கள். அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால் மார்ச் 31-ஐக் கொண்டுவந்து நிறுத்தியது யாரோ கவிதை பிடிக்காத ஆசாமியாகத்தான் இருக்க வேண்டும். கணக்கை முடித்து, பாக்கியை நேர் பண்ணி, நிமிர்ந்து பார்த்தால் இளவேனில் பாதி போயிருக்கும். முதுகுவலி மட்டும் முழுசாக இருக்கும்.

இந்தத் தடவை அப்படி விடுவதில்லை என்று சித்திரை விஷுவுக்கு நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊர், கொட்டாரம். சுசீந்திரம் தாண்டி, கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. சூரியோதயம் பார்க்கிற அவசரத்தில் டூரிஸ்டுகள் தூங்கிக்கொண்டே கடந்து போகும் ஊர். கொட்டாரம் என்றால் அரண்மனை. 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை மலையாளத்தோடு ஒரே குடித்தனமாக இருந்த பகுதி. பெயர்களிலும் பேச்சிலும் அந்த வாசனை இன்னமும் உண்டு. அரண்மனை என்ற பெயருள்ள ஊரில் பத்து சென்ட் வைத்திருப்பவன் தன்னைக் குட்டி ராஜாவாக நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

அந்தப் பத்து சென்டில் வீடு நாலு. மிச்சம் ஆறு சென்டில் ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு செங்கவருக்கை மா, ஒரு முருங்கை, கொஞ்சம் வாழை, நிறைய இலை. பிரச்னை அந்த இலைதான்.

அம்மாவுக்கு எழுபது தாண்டி விட்டது. தினமும் காலையில் குனிந்து முற்றம் பெருக்க வேண்டும். பெருக்கி முடித்துத் திரும்பினால் மாமரம் சிரித்துக்கொண்டே இன்னும் இருபது இலையைப் போடும். “முட்டுல தெம்பு இல்லடே மக்கா. எல்லா வீட்டுலயும் இன்டர்லாக் கல்லு போட்டாச்சு. நாமளும் முழுசும் போட்டுருவோம். ஒரு வாளித் தண்ணி ஊத்தினா முத்தம் பளிச்சுன்னு இருக்கும்” என்றாள். கல் போடுகிறவர் திங்கட்கிழமை வந்து அளவெடுப்பதாக ஏற்பாடு. எனக்கு ஞாயிறு மாலை ரயில். ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு பகல். கல்லா மண்ணா என்று சின்ன வயசில் விளையாடிய விளையாட்டு, நாற்பது வயசில் நிஜமாகவே வந்து நின்றது.

எதைச் சொல்வதாக இருந்தாலும் இறங்கிப் பார்த்து விட்டுச் சொல்லலாம் என்று, காலை ஆறு மணிக்கே மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

*

முதல் நாள் ராத்திரி ஒரு கோடைமழை. அரை மணி நேரம்தான், ஆனால் மண் வாசனை காலைவரை நின்றது. இந்த வாசனைக்கு 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா தயாரிக்கும் ஜியோஸ்மின் என்ற சரக்கும் அதில் சேர்த்தி. எதற்காக அந்த பாக்டீரியா மெனக்கெட்டு வாசனை தயாரிக்கிறது என்பதற்கு 2020-ல் ஒரு பதில் கிடைத்தது. மண்ணில் துள்ளித் திரியும் பொடிப்பொடிப் பூச்சிகளை அது கூப்பிடுகிறதாம். அவை வந்து தின்றுவிட்டு, பாக்டீரியாவின் வித்துகளை வேறு இடத்துக்குச் சுமந்துகொண்டு போகின்றன. ஆக, நாம் கண்ணை மூடி ரசிக்கும் மண்வாசனை, அங்கே நடக்கிற பந்திக்கு அழைப்பு. நமக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நாமாகப் போய் முகர்ந்துகொண்டிருக்கிறோம்.

முதல் வேலை, தென்னைக்குத் தடம் எடுப்பது. மரத்தைச் சுற்றி ஆறடி தள்ளி ஒரு வட்டம் போட்டு, மேல்மண்ணை வெட்டி வரம்பு கட்ட வேண்டும். கேட்க சுலபமாக இருக்கிறதா? கம்ப்யூட்டர் மவுஸைத் தவிர வேறெதையும் அழுத்திப் பிடித்திராத உள்ளங்கை, பத்தாவது வெட்டிலேயே ஆட்சேபணை தெரிவிக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சி மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னடே, மம்பட்டியும் கையுமா நிக்க? எத்தன மூடு எடுத்த?”

எங்கள் பக்கத்தில் மரத்தை மூடு என்றுதான் எண்ணுவார்கள். நாலு மூடு தென்னை, பத்து மூடு வாழை. சென்னையில் ‘மூடு இல்லை’ என்றால் மானேஜரோடு சண்டை என்று அர்த்தம். கொட்டாரத்தில் மூடு இல்லை என்றால் தேங்காய்க்குக் கடைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

“ஒண்ணுதான் ஆச்சி ஆயிருக்கு.”

“கொள்ளாம். பைய வெட்டு. வேரு சிதையாம வெட்டணும் கேட்டியா. அதுக்க சம்பளமெல்லாம் அது வழியாத்தான் வருகு.”

சம்பளம் என்று ஆச்சி சொன்னது விளையாட்டுக்கு இல்லை. தென்னையைப் போல மாதச் சம்பளக் கணக்கில் வாழ்கிற ஜீவன் வேறு கிடையாது. நன்றாக இருக்கும் ஒரு மரம் மாதத்துக்குச் சுமாராக ஓர் ஓலை விடுகிறது. அந்த ஓலையின் கக்கத்தில் ஒரு பாளை. பாளை விரிந்து, குரும்பையாகி, இளநீராகி, தேங்காய் முற்றப் பன்னிரண்டு மாதம். அதனால் மரத்தின் மேல் எப்போதும் ஒரு வருஷ காலண்டர் தொங்குகிறது. உச்சியில் இந்த மாதம், கீழ்க்குலையில் போன சித்திரை. இன்னொன்று: பாளை நம் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் முன்பாகவே அதன் கரு மரத்துக்குள் உருவாகி விடுகிறது. இந்த வருஷம் வேருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால், இந்த வருஷத்தோடு போகாது. மூன்றாம் வருஷமும் குலையில் தெரியும். நமக்கு ஏப்ரலில் விட்டுப்போன இன்க்ரிமென்ட் ரிடையராகும்வரை துரத்துகிற மாதிரி.

இரண்டாவது மூட்டில் மம்பட்டியோடு மண்புழுக்கள் வந்தன. நல்ல கொழுத்த புழுக்கள். பார்த்ததும் எனக்கு டார்வின் ஞாபகம் வந்தார்.

குரங்குக் கதையால் உலகத்தையே கலக்கிய டார்வின், 1881-ல் கடைசியாக எழுதிய புத்தகம் மண்புழுவைப் பற்றியது. மனுஷர் புழுக்களைத் தொட்டியில் வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க விசிலடித்திருக்கிறார், பஸ்ஸூன் என்ற பெரிய ஊதுகுழலை ஊதச் செய்திருக்கிறார், பியானோ வாசிக்க வைத்திருக்கிறார். புழுக்கள் மசியவில்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும், அதிர்ச்சி தாங்காமல் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. (பக்கத்து ஃப்ளாட்டில் கீபோர்டு கற்றுக்கொள்ளும் பையன் இருந்தால் அந்தப் புழுக்களின் மனநிலை உங்களுக்குப் புரியும்.)

அதைவிட ஆச்சரியம் அவருடைய பொறுமை. 1842-ல் தன் வீட்டுப் பக்கத்து வயலில் சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பி வைத்தார். 1871-ல், அதாவது 29 வருஷம் கழித்து, அங்கே வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு ஏழு அங்குலம் கீழே போயிருந்தது. கீழே இருந்த மண்ணைப் புழுக்கள் தின்று தின்று மேலே கொண்டுவந்து போட்டதில் சுண்ணாம்பு தானாக அடியில் போய் விட்டது. ஓர் ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன் மண்ணுக்கு மேல் புழுக்களின் வயிற்றுக்குள் போய் வருகிறது என்று கணக்குச் சொன்னார். நம் ஆபீஸில் ஒரு ஃபைல் 29 நாள் ஒரே இடத்தில் இருந்தால் விசாரணை வைக்கிறோம். இங்கே ஒரு மனுஷர் 29 வருஷம் காத்திருந்து புழுவுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

இங்கிலாந்துப் புழு வேறு, நம்மூர்ப் புழு வேறு. உத்தியோகம் ஒன்றுதான். மேலே இலை விழ வேண்டும், அது மக்க வேண்டும், அவ்வளவுதான் சம்பளம். கல்லுக்குக் கீழே இருக்கும் புழுவுக்குச் சம்பளம் கிடையாது.

*

பத்து மணிக்குக் களை எடுக்க உட்கார்ந்தேன். அதாவது, எனக்குத் தெரிந்த வரைக்கும் களை. ஆச்சி மதில் வாசல் வழியாக வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். நான் ஒன்றைத் தொட்டால் அவள் ஒரு பெயர் சொல்வாள்.

“இது கீழாநெல்லில்லா... மஞ்சக்காமாலைக்கு. அது மூக்கரட்ட. இது குப்பைமேனி. அந்தத் தும்பையப் புடுங்காத, சிவனுக்குள்ளது.”

கால்மணி நேரத்தில் என் கையில் களையே இல்லை. பெயர் தெரியாத வரைக்கும் கூட்டமாகப் பிடுங்கி எறியலாம். பெயர் தெரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் ஓர் ஆளாகி விடுகிறது. ஆபீஸில் ஆட்குறைப்பு செய்கிறவர்கள் அதனால்தான் எப்போதும் பெயரைச் சொல்வதில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறார்கள்.

ஆச்சிக்கு இந்த ஞானம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் மருந்துவாழ் மலை நிற்கிறது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் பறந்தபோது பிய்ந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து, கடலைப் பார்த்ததும் திகைத்து நிற்கிற இடம். அதன் அடிவாரத்தில் பிறந்தவளுக்குக் குப்பைமேனி குப்பையாகத் தெரியாது.

வாழைக்குப் போனோம். மட்டி வாழை. பச்சைக் குழந்தைக்கு முதல் முதலாக ஊட்டுகிற பழம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னாலும் குழந்தைகள் குறியீடு பார்க்காமல்தான் தின்றன. குலை தள்ளிய வாழையை வெட்டி, அதன் மூட்டிலேயே நாலைந்து கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தோண்டி எடுத்தேன். வெட்டிய தண்டையும் இலையையும் அந்தக் கன்றைச் சுற்றியே போடச் சொன்னாள் ஆச்சி. வாழைக்கு உயில் எழுதத் தெரியாது. எழுதாமலேயே சொத்து பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து விடுகிறது, வக்கீல் செலவில்லாமல்.

மத்தியானம் மாமர நிழலில் பழங்கஞ்சியும் காணத்துவையலும். மேலே குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. கூவுவது கறுப்பு ஆண். மனைவிக்காகக் கூவுகிறது. மனைவியோ காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு வந்துவிடுவாள். அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை, பிள்ளை வளர்ப்பும் காக்கையின் செலவு. நாம் காலங்காலமாகக் குயிலைப் புகழ்ந்து காக்கையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பாட்டு நன்றாக இருந்தால் பாலன்ஸ் ஷீட்டை யாரும் பார்ப்பதில்லை.

*

மாமரத்துக்குத் தெற்கே ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே முன்பு இரண்டு தென்னை நின்றன. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் கடந்தபோது இரண்டும் போயின. அந்த நாளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மரக்கணக்கில் மட்டும் சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையில் ரப்பர், தென்னை, வாழை என்று விளை விளையாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

விளை என்றேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் நெல் விளைவது வயல், தென்னையும் பனையும் மாவும் நிற்பது விளை. பெருவிளை, ஆண்டிவிளை என்று ஊர்ப் பெயர்களிலேயே விளை நிற்கும். புயலுக்குப் பிறகு மரம் விழுந்த இடங்களில் சிலர் மறுபடி நட்டார்கள். சிலர் கல் நட்டார்கள், மனைக்கல். ஓர் எழுத்துதான் வித்தியாசம். விளை, விலையாகி விட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்றால் மரம் காய்க்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா?

ஆச்சி வீட்டிலும் இரண்டு மூடு விழுந்தது. 2018-ல், கடலும் காற்றும் கொஞ்சம் அடங்கியதும், மூன்றடிக் குழி எடுக்கச் செய்து, உப்பும் சாம்பலும் போட்டு, இரண்டு நெட்டைத் தென்னங்கன்று வைத்தாள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அப்போதே அவளுக்கு எழுபத்தைந்து இருக்கும். ‘இது காய்ச்சு நீ திங்கவா போற?’ என்று தெருவே கேட்டது. அவள் பதில் சொன்னாளா என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த இரண்டும் இப்போது பாளை விட்டிருக்கின்றன. அதைக் காட்டுவதற்காகவே என்னை மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஆச்சி, அன்னைக்கு என்ன தைரியத்துல நட்டீங்க?”

“தைரியம் என்னத்துக்குடே? குழி கெடந்துச்சு, நட்டேன். காய்க்க வேண்டியது மரத்துக்க வேல. திங்கதுக்கு ஆளு வராமலா போயிரும்? சவத்த விடு, அந்தக் கடவத்த எடு.”

*

மத்தியானம் இரண்டரை மணிக்கு அம்மாவோடு பட்ஜெட் கூட்டம். நான் பேப்பரில் கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 400 லிட்டர் தண்ணீர். ஆறு சென்டில் 2,400 லிட்டர். முதல் நாள் பெய்த மாதிரி ஒரு சின்ன மழை, மொட்டை மாடித் தொட்டி இரண்டை நிரப்பும். மண் முற்றமானால் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கும். முழுசும் கல் பாவினால் வாசல் வழியாக ரோட்டுக்குப் போகும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாயும் குழியும் வைத்துத்தான் சேகரிக்க வேண்டும் என்பதில்லை. வெறும் மண்ணும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பெருமை பேசுகிறோம், ஆனால் மலையோரத் தாலுகாக்களுக்குக் கிடைப்பது அகஸ்தீஸ்வரம் தாலுகாவுக்குக் கிடைப்பதில்லை. நம் கிணறு பங்குனியில் எங்கே போய் நிற்கிறது என்பது அம்மாவுக்கே தெரியும்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். “கணக்கு சரிதான். நீ ராத்திரி ரயிலுல இருப்ப. நாளைக்குக் காலைல இந்த இலைய ஆரு வாருவா? 2,400 லிட்டரா வந்து வாரும்?”

அதற்கு என் பேப்பரில் பதில் இல்லை. இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் சௌகரியமாக மறந்து போகிற விஷயம் இது. தோட்டம் என்பது யாரோ ஒருவருடைய முதுகு. பெரும்பாலும் அம்மாவுடைய முதுகு.

கூட்டத்தை முடித்து வைத்தது ஆச்சிதான். “இலைய எதுக்குட்டி வெளிய கொண்டு கொட்டுக? அதான் உனக்க மகன் நாலு தடம் எடுத்திருக்கானே. நின்னமேனிக்கே தள்ளி அதுல போடு. மரம் போட்டத மரத்துக்கே குடுத்துரு.”

அப்படித்தான் முடிவாயிற்று. கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும், அங்கிருந்து கிணற்றங்கரை வரைக்கும், நாலடி அகலத்தில் கல். அம்மா வழுக்காமல் நடக்கலாம், ஸ்கூட்டர் சேற்றில் சிக்காது. மற்றதெல்லாம் மண். குனிகிற வாரியலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, நின்றபடி தள்ள நீளக் கம்பு கட்டிய வாரியல் ஒன்று. அதைக் கமுகுக் கம்பில் கட்டிக் கொடுத்ததுதான் அன்றைய தினம் நான் செய்த ஒரே உருப்படியான கைவேலை. வாரத்துக்கு ஒரு தடவை பெருக்கிக் கொடுக்க ஓர் ஆள், அதற்குச் சம்பளம் என் பொறுப்பு. தெற்கு மூலையில் உள்ள வெற்றிடத்துக்கு, இடவப்பாதி மழை தொடங்கியதும் ஒரு தென்னங்கன்று.

அம்மா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. ஆனி மாதம் நானே வந்து குழி எடுக்க வேண்டுமாம்.

நீங்கள் எட்டாவது மாடியில் குடியிருக்கலாம், பத்து சென்டுக்கு எங்கே போவேன் என்று கேட்கலாம். நியாயம். ஒரு பழைய பெயின்ட் டப்பா, அடியில் நாலு ஓட்டை, ஒரு கறிவேப்பிலைக் கன்று போதும். ஆனால் ஊரில் உங்களுக்கும் ஒரு முற்றம் இருந்து, அதைப் பெருக்க ஓர் அம்மா இருந்தால், ‘மண்ணை மூடாதே’ என்று போனில் உபதேசம் செய்வதற்கு முன்னால் முதலில் அந்த வாரியலுக்கு ஒரு நீளக் கம்பு கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

திங்கட்கிழமை நான் ஆபீஸில் இருக்கும்போது கல் போடுகிறவர் போன் பண்ணினார். “முழுசும் போட்டா சதுர அடிக்கு ரேட்டு குறைச்சுத் தாரேன் ஸார், யோசிங்க” என்றார்.

அம்மாவிடம் பேசச் சொன்னேன். அவள் அவரிடம் தென்னங்கன்று எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரித்தாளாம்.